நுனி கருகிய ஸ்பைடர் செடியும் நான்கு வகைத் தண்ணீரும்

ஸ்பைடர் பிளான்ட் புதிதாக விட்ட இலைகள் எல்லாம் நுனி கருகாமல் முழுப் பச்சையாக நிற்கின்றன. அதனால்தான் இப்போது துணிந்து எழுதுகிறேன். தருமபுரியில் முதல் மாடி வாடகை வீடு எங்களுடையது. பால்கனி கிடையாது. ஜன்னல் மேடையில் மண் தொட்டி வைத்தால் சுவரில் ஈரம் இறங்குகிறது என்று வீட்டுக்காரர் முகம் சுளிக்கிறார். சரி, மண்ணே வேண்டாம் என்று பாட்டிலில் தண்ணீரை ஊற்றி வளர்க்க ஆரம்பித்தேன். இன்றைக்கு அந்தக் கிழக்கு ஜன்னலில் மணி பிளான்ட், சின்கோனியம், அக்லோனிமா, பீஸ் லில்லி, ஸ்பைடர், லக்கி பாம்பூ எல்லாம் இருக்கின்றன. மணி பிளான்ட்டை யார் வைத்தாலும் வந்துவிடும், அதில் பெருமை ஒன்றும் இல்லை. மற்றவை என்னைப் படுத்திய பாட்டைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் தண்டு வெட்டுவது. மணி பிளான்ட் கொடியில் ஒவ்வொரு இலைக்காம்பும் சேரும் இடத்தில் ஒரு கணு இருக்கும். அதில் பழுப்பாகச் சின்ன முட்டு ஒன்று துருத்திக்கொண்டு நிற்கும். வேர் கிளம்புவது அங்கிருந்துதான். கணு இல்லாமல் வெறும் இலையைக் காம்போடு வைத்தால் அது பல வாரம் பச்சையாகவே நிற்கும், ஆசை காட்டும், கொடி மட்டும் வராது. கணுவுக்கு ஒரு விரல்கடை கீழே வெட்டினேன். சமையலறைக் கத்தரிக்கோல் தண்டை நசுக்குகிறது. நசுங்கிய இடம்தான் முதலில் அழுகும். புது ஷேவிங் பிளேடு 5 ரூபாய், ஒரே இழுப்பில் சுத்தமாக வெட்டுகிறது. துண்டு 15 செ.மீ. நீளம் இருந்தால் போதும். மேலே இரண்டு மூன்று இலை, தண்ணீருக்குள் ஒன்றிரண்டு கணு. தண்ணீருக்குள் இலை எதுவும் இருக்கக் கூடாது, இருந்தால் அதுவே அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். வெட்டும்போது வரும் சாறு கையில் பட்டால் சிலருக்கு அரிக்கும், கழுவிவிட வேண்டும். மணி பிளான்ட், சின்கோனியம், அக்லோனிமா, பீஸ் லில்லி எல்லாம் ஒரே குடும்பம், இவற்றில் கால்சியம் ஆக்ஸலேட் என்கிற உப்பு கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாக இருக்கிறது. வீட்டில் எதையும் வாயில் வைக்கும் வயதில் குழந்தை இருந்தால் பாட்டிலை எட்டாத உயரத்தில் வையுங்கள்.

வெயில் காலத்தில் பத்து நாளுக்குள் வெள்ளை வேர் தெரிந்துவிடும். மார்கழிக் குளிரில் அதே கொடி இரண்டு மடங்கு நேரம் எடுத்துக்கொள்ளும். அவசரப்பட்டுத் தூக்கித் தூக்கிப் பார்க்காமல் இருந்தால் சரி. சின்கோனியமும் இதே வழிதான், பெரிய கதை இல்லை.

சிக்கல் ஆரம்பித்தது நர்சரியில் வாங்கிய செடிகளில். அக்லோனிமாவும் பீஸ் லில்லியும் தென்னை நார்க்கழிவில் வளர்ந்து வந்தவை. பக்கெட் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, பழைய டூத்பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து, வேரிலிருந்து நாரைப் பிரித்தேன். முழுக்கப் போகாது. வேர் மயிரோடு பின்னிக்கொண்டிருக்கும் துணுக்குகளை ஊசியால் எடுக்க வேண்டியிருந்தது. பாட்டிலில் வைத்து, வேர் முழுக்க மூழ்குகிற அளவு தண்ணீர் ஊற்றினேன். ஒரு வாரத்தில் தண்ணீர் கஞ்சி மாதிரி வெளுத்து, சாக்கடை நாற்றம் வந்தது. வேரைத் தொட்டால் தோல் வழுக்கிக்கொண்டு கழன்றது, உள்ளே நூல் மட்டும் மிச்சம்.

நோய் என்று நினைத்து ஏதோ பூஞ்சைக்கொல்லி தேடப் போனேன். அது நோயே இல்லை. மண்ணில் வளர்ந்த வேர், மண் இடுக்குகளில் இருக்கும் காற்றை நம்பி உருவானது. மூழ்கடித்தால் மூச்சு முட்டிச் செத்துப்போகிறது. தண்ணீரிலேயே பிறக்கும் வேர் வேறு மாதிரி, உள்ளுக்குள் காற்று போகக் குழாய் போன்ற இடைவெளிகளோடு வரும். ஆகவே பழைய வேரைக் காப்பாற்றுவது வேலை அல்ல. புது வேர் வரும்வரை செடி சாகாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. இரண்டாவது முறை இப்படிச் செய்தேன்: வழுக்கும் வேர்களை எல்லாம் பிளேடால் எடுத்துவிட்டு, கெட்டியாக வெள்ளையாக இருப்பதை மட்டும் விட்டேன். தண்ணீர், வேரின் அடிப்பாகம் மூன்றில் ஒரு பங்கு நனைகிற அளவு மட்டும். மேல் பாகம் பாட்டிலுக்குள்ளேயே காற்றில் நிற்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் மாற்றினேன். பீஸ் லில்லி இரண்டு இலையை மஞ்சளாக்கிக் கழித்தது, அப்புறம் தண்டின் அடியிலிருந்து குண்டாகப் புது வேர் விட்டது. அதற்குப் பிறகு வாரம் ஒரு முறை தண்ணீர் மாற்றினால் போதுமானதாக இருக்கிறது.

வெயிலும் இதில் சேரும். 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரைந்திருக்கும், 30 டிகிரியில் 7.5 தான். சித்திரை மாதக் காலை வெயில் நேராக விழுந்த பாட்டிலைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. மேடையின் உள் விளிம்புக்கு, கண்ணாடியிலிருந்து ஒரு அடி தள்ளி நகர்த்தினேன். வெளிச்சம் குறையவில்லை, சூடு குறைந்தது.

பாட்டில் விஷயம். ஆரம்பத்தில் வீட்டில் இருந்த சாஸ் பாட்டில், ஜாம் பாட்டில் எதையும் விடவில்லை. சாஸ் பாட்டில் கழுத்து குறுகல். வேர் உள்ளே தடித்து வளர்ந்த பிறகு செடியை வெளியே எடுக்க முடியவில்லை, கடைசியில் வேரில் பாதியை அறுத்துத்தான் எடுத்தேன். வாய் அகலம் குறைந்தது 5 செ.மீ. இல்லாத எதையும் இப்போது தொடுவதில்லை. கண்ணாடி தெளிவாக இருந்தால் பார்க்க அழகு, ஆனால் கிழக்கு வெயிலுக்குப் பாசி பச்சைப் பசேல் என்று பிடித்துக்கொள்ளும். பாசி செடியைக் கொல்லாது. ஆனால் வேரில் ஒட்டிக்கொண்டு அசிங்கம் பண்ணும், வேருக்குப் போட்ட உரத்தைத் தான் தின்னும். பழைய மருந்துக் கடைப் பழுப்புப் பாட்டில்கள் நாலு, ஒன்று 40 ரூபாய்க்குக் கிடைத்தன. மற்றவற்றுக்குச் சாக்குத் துணியைச் சுற்றிச் சணலால் கட்டிவிட்டேன், தண்ணீர் மட்டம் பார்க்க ஒரு பக்கம் ஒரு விரல் அகல இடுக்கு. உள்ளே கை நுழையாத பாட்டிலைக் கழுவ ஒரு பிடி பச்சரிசி, கொஞ்சம் வினிகர், கால் பாட்டில் தண்ணீர், மூடிக் குலுக்கல். இது பழைய வழி, இதைவிடச் சுலபமானதை நான் பார்க்கவில்லை.

இப்போது ஸ்பைடர் செடி. தாய்ச்செடியின் கம்பி போன்ற நீண்ட தண்டில் தொங்கும் குட்டிகள், அடியில் ஏற்கெனவே வேர் முட்டுகளோடு இருப்பதால், தண்ணீரில் தொட்டவுடன் வேர் விடும். விட்டன. ஒரு மாதம் போல ஜோராக இருந்தன. அதன் பிறகு ஒவ்வொரு இலையின் நுனியும் பழுப்பாகி, கருகி, அரை அங்குலம் உள்ளே இறங்கியது. லக்கி பாம்பூவிலும் அதே கதை, இலை ஓரம் முழுக்க. வெயில் என்று நினைத்து நிழலுக்கு மாற்றினேன். காற்றில் ஈரம் இல்லை என்று தினமும் தெளித்தேன். உரம் அதிகம் என்று நிறுத்தினேன். எதுவும் கேட்கவில்லை. பக்கத்திலேயே, அதே தண்ணீரில், மணி பிளான்ட் மட்டும் எதுவும் நடக்காதது போலத் தழைத்தது.

பதில் எங்கள் ஊர்க்காரர்கள் சிரிக்கும்போது தெரியும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பழைய தலைமுறையில் பலர் பல்லில் பழுப்புக் கோடு இருக்கும். காரணம், நிலத்தடி நீரில் ஃபுளோரைடு என்கிற உப்பு அதிகம். எங்கள் வீட்டுக் குழாயில் வருவது போர்வெல் தண்ணீர், அதைத்தான் நான் செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். ஸ்பைடர் செடியும் டிரசீனா வகைகளும் ஃபுளோரைடு தாங்காதவை என்பது செடி வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம். லக்கி பாம்பூ பேரில்தான் மூங்கில், அதுவும் ஒரு டிரசீனாதான். வேர் உறிஞ்சும் தண்ணீரோடு ஏறி, இலை நுனிவரை போய், தண்ணீர் ஆவியாக, ஃபுளோரைடு அங்கேயே தங்கிச் சேர்கிறது. அதனால்தான் முதலில் நுனி.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று 250 ரூபாய்க்கு வாங்கினேன். போர் தண்ணீர் லிட்டருக்கு 1,180 மில்லிகிராம் காட்டியது. மீட்டர் மொத்த உப்பைத்தான் சொல்லும், ஃபுளோரைடு எவ்வளவு என்று சொல்லாது. அதற்குத் தண்ணீரைப் பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் கட்டிக் கொடுத்தேன். வந்த முடிவு லிட்டருக்கு 2.1 மில்லிகிராம். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை. குடிக்க நாங்கள் கேன் தண்ணீர் வாங்குகிறோம் என்பதால் அதுவரை யாரும் யோசிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒழுங்காக ஒரு சோதனை வைத்தேன். ஒரே தாய்ச்செடியிலிருந்து ஏறக்குறைய ஒரே அளவில் நாலு குட்டி, நாலு ஒரே மாதிரிப் பழுப்புப் பாட்டில், ஒவ்வொன்றிலும் 400 மி.லி. ஒன்றில் போர். ஒன்றில் தெருக்குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீர். இந்த ஃபுளோரைடு பிரச்சினைக்காகவே ஜப்பான் கடனுதவியோடு கட்டி 2013-இல் தொடங்கிய கூட்டுக் குடிநீர்த் திட்டம் அது, காவிரித் தண்ணீர், மீட்டரில் 290. மூன்றாவதில் கேன் ஆர்.ஓ. தண்ணீர், 38. நாலாவதில் போரும் ஆர்.ஓ.வும் பாதிப் பாதி. கேனைச் சாய்க்கும்போது அம்மா பார்த்துவிட்டார். “குடிக்கிற தண்ணியக் காசு குடுத்து வாங்கி, அதையா புல்லுக்கு ஊத்தற?” ஸ்பைடர் செடி அவருக்கு இன்றும் புல்தான்.

போர் பாட்டிலில் புதிதாக வந்த இலையே நுனி கருகி வந்தது. பாதிப் பாதியில் தாமதமாக, கொஞ்சமாக. ஒகேனக்கல் தண்ணீரில் சுத்தம். ஆர்.ஓ.வில் நுனி கருகவில்லை, ஆனால் இலை வெளிறி, வேர் மட்டும் பாட்டிலைச் சுற்றிச் சுற்றி நீண்டுகொண்டே போனது. தின்ன எதுவும் கிடைக்காத வேர் தேடிப் போகிற லட்சணம் அது. கருகியது ஃபுளோரைடால் மட்டுமா, 1,180 உப்புக்கும் அதில் பங்கு உண்டா என்று கேட்டால், இரண்டையும் தனித்தனியாகப் பிரிக்க என் ஜன்னலில் வசதி இல்லை. மணி பிளான்ட் அதே தண்ணீரில் சும்மா இருந்ததால் என் ஓட்டு ஃபுளோரைடுக்கு. எப்படியும் தண்ணீரை மாற்றினால் இரண்டுமே போய்விடுகிறது.

இங்கே ஒன்று. குளோரின் போக இரவு முழுக்கத் திறந்து வைக்கலாம் என்பது சரிதான், ஃபுளோரைடு அப்படிப் போகாது. கொதிக்க வைத்தால் தண்ணீர் குறைந்து அது இன்னும் கெட்டியாகும். ஏப்ரலில் என் பாட்டில்களில் வாரத்தில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஆவியாகும். குறைந்ததை மட்டும் போரிலிருந்து நிரப்பிக்கொண்டே வந்தபோது மீட்டர் 1,600-ஐத் தாண்டியது. ஆகவே குறைந்ததை நிரப்புவது என்பதையே விட்டுவிட்டேன், முழுவதையும் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுகிறேன். டீத்தூள் சக்கையை ஊறவைத்து ஊற்றச் சொல்கிறவர்களும் உண்டு. தேயிலைச் செடி ஃபுளோரைடைச் சேர்த்து வைக்கிற செடி. ரோஜாவுக்கு வேண்டுமானால் போடுங்கள், ஸ்பைடருக்கு வேண்டாம்.

கருகிய நுனி மறுபடி பச்சையாகாது. கத்தரிக்கோலால் இலை வடிவத்துக்குச் சாய்வாக வெட்டிவிட்டேன், பார்வைக்கு மட்டும். செடி குணமானதா என்று புது இலையை வைத்துத்தான் சொல்ல முடியும்.

தண்ணீர் முடிவான பிறகு உரம். ஜான் உட்வர்ட் என்கிற ஆங்கிலேயர் 1699-இல் வெளியிட்ட ஆய்வில், புதினாச் செடியை மழைத்தண்ணீர், தேம்ஸ் ஆற்றுத் தண்ணீர், தோட்டத்து மண் கரைத்த தண்ணீர் என்று தனித்தனியாக வளர்த்து எடை போட்டுப் பார்த்திருக்கிறார். சுத்தமான மழைத்தண்ணீரில் வளர்ச்சி குறைவு, மண் கரைத்ததில் அதிகம். என் ஆர்.ஓ. பாட்டில் அதையேதான் சொன்னது. கடையில் தழை, மணி, சாம்பல் மூன்று சத்தும் சம அளவில் உள்ள 19:19:19 உரத்தைத்தான் எல்லோரும் எடுத்துத் தருவார்கள், கிலோ 180 ரூபாய்க்கு வாங்கினேன். பாக்கெட்டில் போட்டிருந்தபடி லிட்டருக்கு ஒரு கிராம் போட்டேன். தண்ணீர் கலங்கி, வேர் நுனிகள் பழுப்பாயின. இலையில் தெளிக்கச் சொல்லும் அளவு அது, வேர் அதிலேயே குளித்துக்கொண்டு இருப்பதற்கு அல்ல. தவிர அதிலுள்ள நைட்ரஜனில் பாதிக்கு மேல் யூரியா. மண்ணில் நுண்ணுயிர்கள் அதை வேர் எளிதாக எடுத்துக்கொள்ளும் வடிவத்துக்கு மாற்றித் தரும், பாட்டிலில் அந்த வேலைக்குப் போதிய ஆள் இல்லை. இப்போது லிட்டருக்குக் கால் கிராம், மாதம் ஒரு முறை, அதுவும் ஒரு வாரம் மட்டும் வைத்திருந்து கொட்டிவிடுகிறேன். கால் கிராமைக் கண்ணால் அளக்க முடியாது. 300 ரூபாய்க்குச் சின்னத் தராசு வாங்கினேன். கால் கிராமை அளக்கும் தராசு இல்லாமலும் வழி உண்டு: 5 கிராமை ஒரு லிட்டரில் கரைத்து வைத்துக்கொண்டு, அதில் 50 மி.லி.யை எடுத்து ஒரு லிட்டராக்கினால் கால் கிராம் கணக்கு.

இதைவிட நன்றாக வேலை செய்வது எதிர்வீட்டுப் பையனின் மீன் தொட்டித் தண்ணீர். மீன் கழிவு அங்கேயே நைட்ரேட்டாக மாறியிருக்கிறது, வேர் நேராக எடுத்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை அவன் தொட்டி கழுவும்போது ஒரு பாட்டில் வாங்கிக்கொள்கிறேன். அவன் தொட்டியில் போர் தண்ணீர்தான் என்பதால் அது மணி பிளான்ட், சின்கோனியத்துக்கு மட்டும். மீனுக்கு மருந்தோ உப்போ போட்ட வாரம் வாங்குவதில்லை.

கொசுவைச் சொல்லாமல் விட முடியாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம், இந்த மாதிரி சுத்தமான தேங்கிய தண்ணீர்தான் இஷ்டம். நம் வெயிலுக்கு முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். மழைக்காலத்தில் வீடு வீடாகக் கொசுப்புழு பார்க்க வரும் பணியாளர் ஒருவர் ஜன்னலைப் பார்த்ததும் டார்ச்சை எடுத்தார். வாரா வாரம் மாத்துறேன் என்றேன். “மாத்துனா மட்டும் பத்தாதுக்கா, உள்பக்கம் தேச்சுக் கழுவணும். முட்டை பாட்டில் ஓரத்துல ஒட்டிக்கிட்டு இருக்கும், புதுத் தண்ணி பட்டதும் பொரிச்சுரும்.” அவர் சொன்னது சரி. ஏடிஸ் முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதற்குப் பிறகு சனிக்கிழமை தோறும் ஸ்க்ரப்பரால் உள்சுவரைத் தேய்த்துக் கழுவுகிறேன். கொசுவலைத் துணி அரை மீட்டர் வாங்கி வட்டமாக வெட்டி, தண்டு நுழைய நடுவரை ஒரு கீறல் போட்டு, பாட்டில் வாயில் ரப்பர் பேண்டால் இறுக்கியிருக்கிறேன். கீறல் வாய் பிளந்தால் பயன் இல்லை, இரண்டு ஓரத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றி ஸ்டேப்ளர் அடிக்க வேண்டும். கூழாங்கல் நிரப்பினால் கொசு வராது என்று சொல்கிறார்கள். கல் இடுக்கில் தண்ணீர் இருக்கிறவரை வரும், கழுவுவதும் கஷ்டம்.

வராதவையும் உண்டு. துளசி, கோலியஸ் இரண்டும் சடசடவென வேர் விட்டன, ஆனால் சில மாதத்தில் தண்டு மெலிந்து சோர்ந்துவிட்டன. அவற்றுக்கு வேர் விடும்வரை மட்டும் தண்ணீர், பிறகு மண். கற்பூரவள்ளி தண்டு தண்ணீருக்குள் கறுத்து அழுகியது, அது மண்ணில் குச்சி நட்டாலே வரும்போது ஏன் இந்த வேலை என்று விட்டுவிட்டேன். மஞ்சள் ஓரம் போட்ட பாம்புச் செடியின் இலைத் துண்டு வேர்விட மூன்று மாதத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. வந்த குட்டியோ மஞ்சள் ஓரமே இல்லாமல் வெறும் பச்சை. அந்த ஓரம் இலைத் துண்டு வழியாகக் குட்டிக்கு வராது. அது வேண்டுமென்றால் கிழங்கோடு பிரித்துத்தான் வைக்க வேண்டும்.

செலவு என்று பார்த்தால் பாட்டில் நாலும் 160, மீட்டர் 250, தராசு 300, உரம் 180, கொசுவலைத் துணி 30, பரிசோதனைக் கட்டணம் தனி. செடிகளில் அக்லோனிமா, பீஸ் லில்லி, லக்கி பாம்பூ மட்டும் காசு கொடுத்தது, மீதியெல்லாம் ஒடித்து வாங்கியவை. ஆன்லைனில் 260 ரூபாய்க்கு வாங்கிய சுட்ட களிமண் உருண்டைகள் டப்பாவில் தூங்குகின்றன, தேவைப்படவே இல்லை. மறுபடி தொடங்குவதாக இருந்தால் முதலில் மீட்டரை வாங்கி, வீட்டில் வரும் ஒவ்வொரு தண்ணீரையும் அளந்து, அதற்கு ஏற்ற செடியைத்தான் தேடுவேன். போர் தண்ணீர் மட்டும்தான் கதி என்றால் மணி பிளான்ட், சின்கோனியத்தோடு நிறுத்திக்கொள்வேன். நர்சரியில் பெரிய செடி வாங்காமல், புதுக் கன்று பிரிந்து வரும் சின்னத் தொட்டியாகப் பார்த்து எடுப்பேன், வேர் குறைவாக இருந்தால் அழுகுவதும் குறைவு. லக்கி பாம்பூவை ஒகேனக்கல் தண்ணீருக்கு மாற்றியாகிவிட்டது. மூன்று குச்சியில் ஒன்று அடியிலிருந்து மஞ்சளாகிப் போனது, மஞ்சளான குச்சி திரும்பாது, அதை எடுத்துப் போட்டுவிட்டேன். மற்ற இரண்டிலும் குருத்து நன்றாக இருக்கிறது.